மாற்று இதயமும் மாறாத இதயங்களும்

நாம் பங்குப்பணி ஆற்றிய ஊரொன்றில், சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிறு காலை நன்றித் திருப்பலி நடைபெற்றது. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் சென்னையில் இதய மாற்று அறுவை சிகிச்சை பெற்று ஊர் திரும்பியிருந்தான். முகக்கவசம் அணிந்து, தாயின் கையைப் பற்றிக்கொண்டு அவன் பீடத்தின் முன் வந்து நின்றபோது, கோவில் முழுவதும் எழுந்து கைதட்டியது. வீடு வீடாகச் சென்று நிதி திரட்டிய இளைஞர்கள் கண்கலங்கினார்கள். நாமும் மறையுரையில் இறைவனின் இரக்கத்தைப் போற்றி, பங்கு மக்களின் தாராளத்தைப் பாராட்டிப் பேசினோம். சிறுவனுக்கு மலர்மாலை அணிவித்து நிழற்படம் எடுத்துக்கொண்டோம். பூவும் கூட்டமும் அவனுக்கு ஆகாதவை என்பதை விசாரித்து அறியக்கூட நமக்குத் தோன்றவில்லை.

பதினான்கு மாதங்கள் சென்றபின் அந்தத் தாய் பங்கு இல்லத்தின் வாசலில் வந்து நின்றார். கையில் மருந்துச் சீட்டு. அந்த மாத மருந்துக்குப் பணம் போதவில்லை. அதற்கு முந்திய மாதமும் போதவில்லை. அன்று மாலை பங்குப் பேரவைக் கூட்டத்தில் அதை எடுத்துரைத்தோம். உறுப்பினர் ஒருவர், நல்ல மனிதர், அன்று நிதிக்கு முதன்முதலில் கைகொடுத்தவர், சொன்னார்: "அவனுக்குத்தான் ஏற்கெனவே கொடுத்தாயிற்றே, சாமி! இன்னும் எத்தனை நாளைக்கு?" எவரும் மறுத்துப் பேசவில்லை. நாமும் பேசவில்லை. அடுத்த பொருளாகத் திருவிழாப் பந்தல் பற்றிய பேச்சு தொடங்கிற்று.

மூன்று வாரங்களில் அந்தச் சிறுவன் மீண்டும் மருத்துவமனையில் கிடந்தான். நாளுக்கு இருவேளை கொடுக்க வேண்டிய மாத்திரையைத் தாய் ஒருவேளையாகக் குறைத்திருந்தார். உடல் புதிய இதயத்தை எதிர்க்கத் தொடங்கிவிட்டது. மருத்துவர்கள் நரம்பு வழியே மருந்து செலுத்திப் போராடி அவனை மீட்டார்கள். இன்று அவன் உயிரோடு இருக்கிறான். அது நம் புண்ணியத்தால் அன்று. மாத்திரையைக் குறைத்தது அந்தத் தாயின் கையாக இருக்கலாம். குறைக்க வைத்தது நம் மௌனம்.

"இன்னும் எத்தனை நாளைக்கு?" என்னும் அந்தக் கேள்விக்கு அன்று நாம் சொல்லாத பதிலை இன்று எழுதுகிறோம். யாரையும் புண்படுத்துவது நம் நோக்கமன்று. ஆனால் புண்படாமல் இதைப் படித்து முடிக்க இயலாது என்றால், அந்தப் புண் நமக்கும் சேர்த்தே என்று கொள்க.

நம்மிடையே ஊறிப்போன தவறான எண்ணம் ஒன்று உண்டு. இதய மாற்று என்றால் பழுதான பொருளை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துவது; பொருத்தியபின் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். இந்த மருத்துவத்தின் வரலாறே இவ்வெண்ணத்தை மறுக்கிறது. 1967 டிசம்பர் 3ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் மருத்துவர் கிறிஸ்டியான் பர்னார்ட் முதன்முதலாக ஒரு மனித இதயத்தை மற்றொரு மனிதருக்குப் பொருத்தினார். உலகம் வியந்தது. அந்த நோயாளி 18 நாள்களே வாழ்ந்தார். நுரையீரல் அழற்சி அவரைக் கொண்டுபோயிற்று. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 6ஆம் நாள், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மருத்துவர் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் பச்சிளங்குழந்தை ஒன்றுக்கு அதே சிகிச்சையைச் செய்தார். அக்குழந்தை சில மணி நேரமே வாழ்ந்தது. 1968இல் பல நாடுகளில் பல மருத்துவர்கள் இதில் இறங்கினார்கள். நோயாளிகள் அடுத்தடுத்து இறக்கவே, பெரும்பாலோர் கைவிட்டார்கள்.

கத்தியின் திறமையில் குறை இருந்ததாலா இந்தத் தோல்வி? அன்று. இதயத்தை எடுத்துப் பொருத்தும் கலையை அவர்கள் கற்றிருந்தார்கள். பொருத்தியபின் காக்கும் கலையே கைவரவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மருத்துவர் நார்மன் ஷம்வேயும் அவர் குழுவினரும் பிறர் பலர் விட்ட பின்னும் விடாது பொறுமையோடு ஆய்ந்து வந்தார்கள். இதயத் தசையில் கடுகளவு எடுத்துச் சோதித்து, உடல் எதிர்க்கிறதா என்று முன்கூட்டியே அறியும் முறை 1970களில் அங்கே உருவாயிற்று. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒருவகைப் பூஞ்சையிலிருந்து 'சைக்ளோஸ்போரின்' என்னும் மருந்து பிறந்தது. 1983இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் தந்தது. அதன்பின்னரே இதய மாற்று நம்பத்தக்க மருத்துவமாயிற்று. 1985இல் கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் மருத்துவர் லெனார்ட் பெய்லி, பிறந்து சில நாள்களே ஆன குழந்தைக்குச் செய்த சிகிச்சை வெற்றி கண்டது. நம் நாட்டில் 1994 ஆகஸ்டு 3ஆம் நாள் தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் மருத்துவர் வேணுகோபால் முதல் வெற்றியைக் கண்டார். இவ்வெற்றிகள் யாவும் அறுவைக்குப் பிந்திய கவனிப்பின் வெற்றிகள். மருத்துவர்கள் அன்று கற்ற பாடத்தை நம் பங்குகள் இன்னும் கற்கவில்லை.

நம் தமிழகமே இதற்குச் சான்று. 2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர், சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் பதினைந்து வயது மகனின் உறுப்புகளைக் கொடையாக அளித்தார்கள். அவனது இதயம் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்குச் சென்றது. சென்னைக் காவல்துறை சாலையை ஒழுங்குசெய்து கொடுக்க, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு ஊர்தி பதினொரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அந்தப் பதினொரு நிமிடங்களை நாடே பேசியது. அந்நிகழ்ச்சியைத் தழுவி மலையாளத்தில் ஒரு திரைப்படம் வந்தது. 2013இல் அது தமிழிலும் வந்தது. படத்தின் பெயர் 'சென்னையில் ஒரு நாள்'. அந்த ஒரு நாளைப் படமெடுக்க ஆள் உண்டு. அதற்கு முன்னும் பின்னும் ஒரு தாய் விழித்திருக்கும் நாள்களைப் படமெடுப்பாரும் இல்லை. எடுத்தால் பார்ப்பாரும் இல்லை. நம் இரக்கமும் அப்படித்தான் ஒரு நாள் இரக்கமாகிவிட்டது.

முன்னுள்ள நாள்கள் எத்தகையவை? இதயத் தசை தளர்ந்து விரியும் நோயாலோ, இதயத்தின் ஒரு பகுதி பிறவியிலேயே சரியாக வளராததாலோ ஒரு குழந்தை இந்நிலைக்கு வருகிறது. கைக்குழந்தை பால் குடிக்கும்போதே வியர்த்து மூச்சு வாங்கும், எடை ஏறாது. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு வயிற்றுவலியும் வாந்தியும் வருவதுண்டு. வயிற்றுக் கோளாறு என்றும் கண்ணேறு என்றும் மாதக்கணக்கில் கைவைத்தியம் பார்க்கிறோம். இந்தத் தாமதம் கொடியது. இதயம் நெடுநாள் தளர்ந்திருந்தால் நுரையீரலின் குருதிக்குழாய்களில் அழுத்தம் ஏறிவிடும். அது அளவு கடந்தால் புதிய இதயத்தாலும் அதை எதிர்த்து இயங்க இயலாது. அப்போது மாற்றுச் சிகிச்சைக்கான கதவே அடைபடுகிறது.

உரிய காலத்தில் சேர்ந்த குழந்தைக்கும் காத்திருப்பு உண்டு. காசநோய் உள்ளதா, பல்லில் சீழ் உள்ளதா என்றெல்லாம் பார்ப்பார்கள். தட்டம்மை, சின்னம்மை போன்றவற்றுக்கான உயிருள்ள தடுப்பூசிகளை முன்னரே போட்டு முடிக்க வேண்டும். பின்னர் அவற்றைப் பெரும்பாலும் போட இயலாது. உடல் தேற வேண்டும் என்பதற்காக மூக்கு வழியாகக் குழாய் வைத்து உணவூட்டுவதும் உண்டு. இதயம் முற்றும் ஓய்ந்துவிடும் நிலையில், உடலுக்கு வெளியே வைத்து இயக்கும் 'பெர்லின் ஹார்ட்' போன்ற பம்பைப் பொருத்தி நாள் கடத்துவார்கள். அதில் குருதி உறைந்து மூளைக்குச் செல்லும் அபாயமும் உண்டு. பின்னர், அளவும் குருதிவகையும் பொருந்தும் ஓர் இதயம் எங்கோ கிடைக்க வேண்டும். கிடைத்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். ஆகவே குடும்பம் ஊரில் இருந்துகொண்டு காத்திருக்க இயலாது. தாய் சென்னையில் வாடகை அறையில் இருப்பார். தந்தை கூலியை இழந்து அலைவார். மற்றப் பிள்ளைகள் பாட்டி வீட்டில் படிப்பார்கள். இந்நாள்களில் நாம் எங்கே இருந்தோம்? நிதிப் பட்டியலில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தோம்.

பின்னுள்ள நாள்களோ இன்னும் நீண்டவை. உடல் தன்னதல்லாத எதையும் எதிர்க்கும். அந்த எதிர்ப்பை அடக்க 'டாக்ரோலிமஸ்', 'மைக்கோஃபினோலேட்' போன்ற மருந்துகளை, நேரம் தவறாமல், வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். மருந்து குறைந்தால் இதயம் போகும். மிகுந்தால் சிறுநீரகம் கெடும். ஆகவே குருதியில் அதன் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். பம்பளிமாஸ் பழம் அந்த அளவைக் குலைக்கக்கூடும் என்பதால் அதையும் விலக்க வேண்டும். எதிர்ப்பை அடக்கும் மருந்தே நோய்க்கிருமிகளுக்கு வழி திறந்து விடுவதால், நமக்கு மூன்று நாள் சளியாக வருவது அக்குழந்தைக்கு உயிராபத்தாகலாம். கழுத்து நரம்பின் வழியே மெல்லிய குழாய் செலுத்தித் தசை எடுத்துச் சோதிப்பது, முதலாண்டில் பலமுறை நிகழும். ஆண்டுகள் செல்லச்செல்ல, மாற்றிதயத்தின் குருதிக்குழாய்கள் ஓசையின்றிச் சுருங்கக்கூடும். அறுவையின்போது நரம்புகள் துண்டிக்கப்படுவதால் அந்த இதயம் பெரும்பாலும் நெஞ்சுவலியைக் காட்டுவதில்லை. வலியைச் சொல்ல வாயற்ற இதயம் அது. சுற்றியிருப்போர் விழித்திருந்தால்தான் பிழைக்கும்.

இவ்வளவும் செய்தால் பயன் உண்டா? உண்டு. கைக்குழந்தைப் பருவத்தில் மாற்றிதயம் பெற்றோரில் பாதிப்பேருக்கு மேல் இருபது ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். பதின்பருவத்தில் பெற்றோரிடம் அந்த எண்ணிக்கை குறைகிறது. தோழர்களைப் போல் இருக்க வேண்டும் என்னும் ஏக்கத்தில் மருந்தை மறைத்து எறியும் பிள்ளைகள் உண்டு என்பது அதற்கு ஒரு காரணம். அந்த வயதில் அவர்களோடு அமர்ந்து பேச ஒருவர் வேண்டும். நம் இளைஞர் இயக்கம் அதற்காகவும் அல்லவா இருக்கிறது?

இனி, நம்மவர் சொல்லும் சமாதானங்களைப் பார்ப்போம்.

"அரசின் காப்பீடு இருக்கிறதே" என்பார் சிலர். ஆம்; முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதய மாற்றுச் சிகிச்சையும் அடங்கும்; அது நாம் நன்றியோடு ஏற்க வேண்டிய ஏற்பாடு. ஆனால் காப்பீட்டு அட்டை பேருந்துக் கட்டணம் கொடுக்குமா? சோதனை நாளில் தந்தை இழக்கும் கூலியை ஈடுசெய்யுமா? நள்ளிரவில் காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுமா?

"விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு?" என்பார் வேறு சிலர். இதுவே எல்லாவற்றிலும் ஆபத்தானது. செபக்கூட்டங்களில் கைதட்டலுக்கிடையே, மருந்தை நிறுத்திவிட்டதையே சாட்சியமாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாம் செபத்தையோ நேர்ச்சையையோ பழிக்கவில்லை. வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் தாயின் கண்ணீரை அறிவோம். ஆனால் சீராக் ஞானநூலின் 38ஆம் அதிகாரத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். மருத்துவரையும், நிலம் விளைவிக்கும் மருந்தையும் இறைவனின் கொடையாக மதிக்கும்படி அது கற்பிக்கிறது. மண்ணின் பூஞ்சையில் உயிர்காக்கும் மருந்தை வைத்தவரும் அவரே. அதை எறியச் சொல்வது விசுவாசமன்று, கடவுளைச் சோதிப்பது.

"ஒரு குழந்தைக்குச் செலவாகும் பணத்தில் நூறு குழந்தைகளுக்கு உணவளிக்கலாமே" என்பது மூன்றாவது. இது எளிதில் தள்ளக்கூடிய வாதமன்று. அளவுக்கு மிஞ்சிய மருத்துவத்தை ஏற்க எவரும் கடமைப்பட்டவரல்லர் என்பதைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இலேயே தெளிவாக்கினார். எனவே, குழந்தையின் நிலையைச் சீர்தூக்கிப் பார்த்து, இச்சிகிச்சை வேண்டாம் எனக் கண்ணீரோடு முடிவெடுக்கும் பெற்றோரைக் குற்றம் சாட்ட நமக்கு உரிமையில்லை. அவர்களுக்கும் நம் துணை தேவை. ஆனால் இவ்வாதத்தைச் சொல்வோர் அந்த நூறு குழந்தைகளுக்கு உணவளித்ததை நாம் கண்டதில்லை. பெத்தானியாவில் நறுமணத் தைலம் ஊற்றப்பட்டபோதும் ஏழைகளின் பெயரால் கணக்குக் கேட்டவன் ஒருவன் இருந்தான் என்பதை நினைவில் கொள்வோம். மேலும், கையேற்ற பின் பாதியில் விடுவதுதான் மெய்யான வீண்செலவு. பந்தலுக்கும் வாணவெடிக்கும் ஆண்டுதோறும் கணக்குப் பாராது கொடுக்கும் நாம், மாத்திரைக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது எந்த நீதி?

கொடையளிக்கும் குடும்பத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உயிர்ப்பு நாளில் முழு உடலும் வேண்டும் என்று அஞ்சுவோர் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். மறைசாட்சிகள் பலரின் உடல்களைத் தீயும் விலங்குகளும் தின்றன. அவர்களை இறைவன் உயிர்ப்பிக்க மாட்டாரா? இறப்புக்குப் பின் உறுப்புகளை ஈவதை உன்னதமான செயலாகத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் போற்றுகிறது. திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் 2000 ஆகஸ்டு 29ஆம் நாள் உறுப்பு மாற்று வல்லுநர்களிடம் ஆற்றிய உரையில், மூளைச்சாவைக் கண்டிப்பான அளவுகோல்களால் உறுதிசெய்வது திருச்சபையின் மனிதப் பார்வைக்கு முரணன்று என்றார். கொடை முழு விருப்பத்தோடு நிகழ வேண்டும் என்றும் வற்புறுத்தினார். நம் நாட்டின் 1994ஆம் ஆண்டுச் சட்டமும் மருத்துவக் குழுவின் உறுதியையும், ஆறு மணி நேரமாவது இடைவெளிவிட்ட இரு சோதனைகளையும், பிள்ளையானால் பெற்றோரின் சம்மதத்தையும் கேட்கிறது. இவற்றை நாம் மறையுரையில் எத்தனைமுறை எடுத்துரைத்திருக்கிறோம்? சாவு நேர்ந்த இரவில், அதிர்ச்சியில் உறைந்த பெற்றோரிடம் முதன்முறையாக இதைக் கேட்பது கொடுமை; அவர்கள் மறுத்தால் குறை சொல்வது அதைவிடக் கொடுமை. கொடுத்தவர்களையும் நாம் எப்படி நடத்துகிறோம்? உறுப்புக் கொடையாளரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை உண்டென 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது, நல்லது. ஆனால் மரியாதை அடக்க நாளோடு முடிகிறது. பிள்ளையை இழந்த வீட்டில் துயரம் அன்றுதான் தொடங்குகிறது. அங்கும் நாம் ஒரு நாள் மட்டுமே செல்கிறோம்.

நற்செய்தியில் யாயீரின் மகளை ஆண்டவர் எழுப்பிய நிகழ்ச்சியை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். பன்னிரண்டு வயதுச் சிறுமி எழுந்து நடக்கிறாள். எல்லாரும் மலைத்து நிற்கிறார்கள். அந்நேரத்தில் ஆண்டவர் ஒன்றைச் சொல்கிறார்: அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி சொல்கிறார். புதுமையை வியந்து நின்றவர்களுக்குச் சிறுமியின் பசி நினைவுக்கு வரவில்லை, ஆண்டவருக்கு வந்தது. அதுபோலவே, முடக்குவாதமுற்றவனை நால்வர் சுமந்து சென்று கூரையைப் பிரித்து இறக்கியிராவிட்டால் அவன் ஆண்டவர்முன் வந்திருக்கவே மாட்டான். நல்ல சமாரியரும் காயத்தைக் கட்டியதோடு போய்விடவில்லை. சாவடிக்காரரிடம் பணம் கொடுத்ததோடு, மேலும் ஆவதைத் திரும்பி வரும்போது தருவதாகவும் வாக்களித்தார். திரும்பி வருவேன் என்னும் அந்த வாக்குத்தான் நம்மிடம் இல்லை.

செய்ய வேண்டியவை அரியவை அல்ல. ஒவ்வொரு பங்கிலும் வின்சென்ட் தே பவுல் சபையோ அன்பியமோ, நெடுநாள் மருந்து தேவைப்படும் பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டில் எழுதி, மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கட்டும். கேட்டு வரும்வரை காத்திராமல் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். சோதனை நாளில் உடன்செல்ல ஒருவர் இருக்கட்டும். சென்னையிலுள்ள பங்குகளும் துறவற இல்லங்களும் இத்தகைய தாய்மாருக்கு ஓர் அறையேனும் ஒதுக்கட்டும். சளி, காய்ச்சல் உள்ளவர் அவ்வீட்டுக்குச் செல்லாதிருப்பதும் அன்புப்பணியே. கூட்டத்துக்கு வர இயலாத பிள்ளைக்கு மறைக்கல்வியும் நற்கருணையும் வீடு தேடிச் செல்லட்டும். குருக்களாகிய நாம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் உறுப்புக் கொடை பற்றிப் பேசுவோம்.

கல்லான இதயத்தை எடுத்துவிட்டுத் தசையாலான இதயத்தைத் தருவதாக எசேக்கியேல் வழியாக இறைவன் வாக்களித்தார். அந்தச் சிறுவனின் நெஞ்சில் வேறொரு குடும்பத்தின் கண்ணீர் இதயமாய்த் துடிக்கிறது. அதைச் சுற்றி நிற்கும் நம் நெஞ்சில் துடிப்பது எது? "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று கேட்ட அந்த நல்ல மனிதருக்கும், அன்று வாய்மூடி இருந்த நமக்கும் பதில் ஒன்றே: அவன் வாழும் நாள்வரை. அந்த நாள்கள் நீளமாக இருக்க வேண்டும் என்றுதானே நாம் மன்றாடினோம்?